திறப்பில்லாத திறப்பு விழா

சிவசோதி டீச்சர் இறந்த செய்தியை எனக்கு எந்த மனிதரும் சொல்லவில்லை. ஒரு படம்தான் சொன்னது. உயர்தர வகுப்பில் பொருளியல் பாடத்தை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து கைப்பேசியைப் பார்த்தேன். எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் அவர் முகம் வந்திருந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே வெள்ளைத் தாமரை, நடுவில் வாய்விட்டுச் சிரிக்கும் அவர். "என்றும் புன்னகை மாறாத எங்கள் கணினிக் கூடத்தின் தாய்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் இன்னொருவருடைய கோட்டுக் கை தெரிந்தது. வெட்டியவர் சரியாக வெட்டவில்லை. டீச்சர் போய்விட்டார் என்பது மனதில் இறங்குவதற்கு முன்பே அந்தக் கை யாருடையது என்பது எனக்கு விளங்கிவிட்டது. அது எங்கள் பாடசாலையின் அந்நாளைய அதிபருடைய, தலைமை ஆசிரியருடைய, கை.

சுன்னாகத்துக்கு அழைத்தேன். டீச்சரின் தங்கை சிவமலர் எடுத்தார்.

"ஓம் பரீனா, விடியக்காலமை அக்கா போட்டா. நித்திரையிலைதான். உங்களுக்குச் சொல்லுவம் எண்டு போனைத் தூக்கிறன், அதுக்கிடையிலை கனடாவிலையிருந்து மகன் எடுத்து, 'அம்மா, பெரியம்மான்ரை படம் வருகுது, உண்மையோ?' எண்டு கேக்கிறான். எங்களுக்கு முதல் உங்கட ஆக்கள் படம் அடிச்சுப்போட்டினம்."

உங்கட ஆக்கள். அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. என் ஆட்கள்தான். அவர்களோடுதான் நான் படித்தேன், அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் படிப்பிக்கிறேன்.

ஒரு கிழமை கழித்து சிவமலர் அக்கா மறுபடி அழைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும், கண்டியில் இருந்த காலத்தைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் நினைவு மலரைக் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். "எப்படி எழுதட்டும்?" என்று கேட்டேன். "அக்கா எப்பிடி இருந்தாவோ அப்பிடி" என்றார். பிறகு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"உங்கட பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டர் அறைக்கு அக்கான்ரை பேரை வைக்கப்போகினமாம். எங்கட சம்மதம் கேக்கினம். நல்ல விசயம்தானே? நீங்கள் சொன்னால் ஓம் எண்டு சொல்லுறன்."

எழுதி முடித்ததும் முதலில் உங்களுக்கே வாசித்துக் காட்டுகிறேன், அதன்பிறகு முடிவு சொல்லுங்கள் என்றேன். ஆகவே இதை வாசிக்கும் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதவின் மேல் சிவசோதி என்ற பெயர் ஏறலாமா, கூடாதா என்ற கேள்விக்கு நான் கொடுத்த பதில்தான் இது.

பழைய மாணவர் சங்கத்தின் செயலாளரும் என்னைத் தேடி வந்தார். அக்குறணையில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர். நல்ல பிள்ளை.

"டீச்சர், நல்ல மாதிரி எழுதுங்க. மௌத்தானவங்களப் பத்தி நல்லதத்தானே எழுதணும்?"

"நல்லதத்தான் எழுதப்போறேன்."

"இல்ல, அந்தப் பழைய கதைகள்..."

"பழைய கதை இல்லாம செத்தவங்களப் பத்தி என்னத்த எழுதுற? புதுசா ஒண்டும் செய்ய அவங்களுக்கு ஏலாதே."

அவர் தேநீரைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார்.

சிவசோதி டீச்சர் எங்கள் பாடசாலைக்கு வந்தது கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில். அங்கே ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். எங்களுடையது கண்டியைச் சுற்றியுள்ள முஸ்லிம் பாடசாலைகளில் ஒன்று. சுன்னாகத்துச் சைவப் பெண்மணி ஒருவர் இங்கே எப்படி ஒட்டப்போகிறார் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். முதல் கிழமையிலேயே அவர் என்னிடம் வந்து முறையிட்டார். "உங்கட பிள்ளையளை 'கொப்பி இருக்கோ' எண்டு கேட்டால் 'ஈக்கிது ரீச்சர்' எண்டுதுகள். ஈக்கிலைத்தான் சொல்லுதுகளாக்கும் எண்டு நான் விளக்குமாறு தேடினன்." இருக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகள் 'ஈக்கிது' என்பார்கள். அறையே சிரித்தது. அதற்குப் பிறகு ஒட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரங்கல் செய்திகளில் அவரை அமைதியானவர், பொறுமையின் வடிவம், மற்றவரை நோகடிக்காதவர் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவரோடு ஒரே மேசையில் பல வருடங்கள் இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இவை பொய். சிலர் நகை சேர்ப்பார்கள், சிலர் காணி சேர்ப்பார்கள். சிவசோதி டீச்சர் வன்மம் சேர்த்தார். அதை அவர் ஒரு குறையாக நினைக்கவும் இல்லை. "மறக்கிறது லேசு, பரீனா. ஆருக்கு நல்லது எண்டு பாருங்கோ. செய்தவனுக்குத்தான் நல்லது" என்பார்.

அவர் கணினிப் பாடத்துக்கென்று வந்தவர். அவர் வந்த வருடத்தில்தான் எங்களுக்கு அரசாங்கத் திட்டமொன்றின் கீழ் கணினிகள் கிடைத்தன. பந்தல் போட்டு, பெரியவர்கள் வந்து நாடா வெட்டினார்கள். அன்று பின்னேரம் அதிபர் அறையைப் பூட்டித் திறப்பைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்து இதை வாசிக்கும் டீச்சரின் தங்கை வழிப் பெறாமக்களுக்காகச் சொல்கிறேன்: சாவிக்கு எங்கள் நாட்டில் திறப்பு என்று பெயர். அந்தத் திறப்பு அதன்பின் பெரும்பாலும் பைக்குள்ளேயே இருந்தது.

டீச்சர் கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அதிபர் கோபப்படவில்லை. அவர் ஒருபோதும் கோபப்படுகிறவர் அல்ல.

"டீச்சர், அது எல்லாம் எண்ட பேர்ல ஈக்கிற அரசாங்கச் சாமான். ஒண்டு பழுதானா நான்தான் பதில் சொல்லணும்."

"நான் கையெழுத்து வைக்கிறன் சேர். என்ரை பேரிலை போடுங்கோ."

"நீங்க இண்டைக்கு ஈக்கிறீங்க. நாளைக்கு மாற்றம் எடுத்திட்டு யாழ்ப்பாணம் போயிடுவீங்க. புள்ளகள் கைய வெச்சா நாசமாக்கிடும். கொஞ்சம் பொறுங்க."

வெளியே வந்ததும், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சட்டம் அப்படித்தானே என்றேன். டீச்சர் நின்று என்னைப் பார்த்தார். "நீங்கள் பொருளியல் படிப்பிக்கிற ஆள். பாவிச்சால் சாமான் தேயும். அதுக்கு உங்கட புத்தகத்திலை பேர் இருக்கு. பாவிக்காமல் தேயிறதுக்கு என்ன பேர்?"

வகுப்பில் பல தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: உற்பத்தியில் ஈடுபட்டால்தான் அது மூலதனம், இல்லாவிட்டால் வெறும் பொருள். அதைச் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அன்றிலிருந்து எங்களுக்குள் அதிபரின் பெயர் "பொருள் காவலர்".

அவர் பிள்ளைகளை அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினார். உள்ளே பொலித்தீன் உறை கழற்றாத கணினிகள் இருந்தன. கண்ணாடியூடாகச் சுட்டிக்காட்டி, அதுதான் திரை, அதுதான் விசைப்பலகை, அந்த வால் உள்ளதுதான் மவுஸ் என்று சொல்வார். "தெஹிவளை மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனமாதிரித்தான். அங்கையெண்டால் மிருகத்துக்குச் சாப்பாடாவது போடுவினம்" என்பார். அதிபர் அந்த வழியாக நடந்து வந்தால் வேண்டுமென்றே குரலை உயர்த்துவார். "பிள்ளையள், கிட்டப் போகாதேங்கோ! கடிக்கும்!"

அதிபர் சிரித்துக்கொண்டே போவார். அவர் காவலாளிக்குச் சொன்னது வேறு. மறுநாள் ஜன்னல் கண்ணாடிகளில் பழைய பத்திரிகைத் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன.

அந்த நாட்களில் கல்வி வலயத்தில் ஒரு பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, "பாடசாலைகளில் தொழில்நுட்பம் நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு எவ்வாறு உதவும்?" பொருளாதாரம் என்பதால் பயிற்றுவிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மடவளையிலிருந்து வரும் ரிஸ்னா என்ற மாணவியைத் தெரிவு செய்தேன். மனித மூலதனம், உற்பத்தித்திறன், ஏற்றுமதி, அந்நியச் செலாவணி என்று அழகாகப் பேசினாள். முதலாம் இடம் கிடைத்தது. காலைக் கூட்டத்தில் அதிபர் தன் கையாலேயே அவளுக்குப் பரிசு கொடுத்தார். பரிசு ஒரு பென்டிரைவ். அதைச் செருகிப் பார்ப்பதற்கு அவள் வீட்டில் கணினி இல்லை, பாடசாலையில் திறப்பு இல்லை. அவளுடைய உம்மா அதை அலுமாரிக்குள் நகைப் பெட்டியில் வைத்துவிட்டாராம்.

கைதட்டல் ஓய்ந்ததும் சிவசோதி டீச்சர் என் காதருகே சொன்னார். "மேடையிலை நாடு நாடு எண்டினம். வகுப்பிலை போய்ப் பாருங்கோ, நாடு பின் வரிசை வாங்கிலை நித்திரை கொள்ளுது."

ரிஸ்னா உயர்தரத்தில் நன்றாகச் சித்தியடைந்தாள். கண்டி நகரத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வாப்பாவோடு போனாள். அங்கே ஒரு சிறிய கணக்கைக் கணினியில் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு அதிகாரி வெளியே போயிருக்கிறார். திரை கறுப்பாக இருந்தது. மவுஸை அசைத்திருந்தால் போதும், விழித்திருக்கும். அதைத் தொடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் பாடசாலையில் அவள் படித்தது கிட்டப் போகாமல் நிற்பதைத்தான். யாராவது வந்து போட்டுவிடுவார்கள் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திரும்பி வந்த அதிகாரி கறுப்புத் திரையையும், அவள் கொண்டுபோன கோவையின் மேலே இருந்த பேச்சுப் போட்டிச் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தாராம். "இதில தொழில்நுட்பம் எண்டு போட்டிருக்கே?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். திட்டவுமில்லை.

அவள் மறுநாள் பாடசாலைக்கு வந்து எங்கள் இருவரிடமும் இதைச் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள். "நான் பொம்மை மாதிரி குந்திக்கொண்டிருந்தேன், டீச்சர்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சிவசோதி டீச்சர் பிடிக்கவில்லை. எழுந்து போய், கதவருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பரீனா, இதுக்கு நான் பழி வாங்காமல் விடமாட்டன்."

கோபத்தில் எல்லோரும் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அவர் அதை ஒரு வேலைத்திட்டம் அறிவிப்பது போலச் சொன்னார்.

சந்தர்ப்பத்தை அதிபரே ஏற்படுத்திக்கொடுத்தார். பழைய மாணவர் சங்கம் அந்த அறைக்குத் தரை ஓடு பதித்து, மின்விசிறி மாட்டி, புதுப் பலகை போட்டது. "நவீன கணினி வள நிலையம்." உள்ளே அதே கணினிகள், அதே பொலித்தீன். மறுபடியும் ஒரு திறப்பு விழா. பிரதம அதிதியாகக் கண்டியிலிருந்து ஒரு சிங்களக் கல்வி அதிகாரி வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், தட்டில் கத்தரிக்கோலை நீட்டினார்கள், அவர் நாடாவை வெட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

"யதுர கோ?" என்றார். திறப்பு எங்கே என்று.

அதிபர் பையைத் தடவினார். அடுத்த பையைத் தடவினார். எழுதுவினைஞரைப் பார்த்தார். எழுதுவினைஞர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி உரத்த குரலில் சொன்னார்: "சேர், அது எப்பவும் உங்கட கிட்டத்தானே ஈக்கிற!"

விழாவுக்கென்று புதுச் சூட் உடுத்தி வந்திருந்தார் அதிபர். திறப்பு பிலிமத்தலாவையில், அவர் வீட்டில், பழைய காற்சட்டையின் பைக்குள் இருந்தது.

அப்போதுதான் சிவசோதி டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "திறப்பு விழா எண்டு அழைப்பிதழிலை பெரிசாய்ப் போட்டிருக்கு. திறப்பைக் கொண்டுவர மட்டும் ஒருத்தருக்கும் நினைவில்லை!" முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெற்றோர். புகைப்படக்காரரும் சிரித்துக்கொண்டே ஒரு படம் எடுத்தார். எடுக்க வேண்டாம் என்று அதிபர் கையை நீட்டினார். அந்தக் கைதான் இன்று இரங்கல் படத்தின் ஓரத்தில் இருப்பது. என்றும் மாறாத புன்னகை என்று நீங்கள் பகிர்ந்துகொள்கிறீர்களே, அது உங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். டீச்சர் நல்ல சிங்களத்தில் விளக்கினார். சாவிக்கும் திறந்துவைப்பதற்கும் தமிழில் ஒரே சொல் என்பதில் தொடங்கி, பத்திரிகைத் தாள் ஒட்டிய ஜன்னலைக் காட்டி, ரிஸ்னா கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தது வரைக்கும் சொன்னார். அதிபருக்கு முன்னால், சங்கத்துக்கு முன்னால், மழையில் நின்றபடி. அதிகாரி தோளில் இருந்த பொன்னாடையைக் கழற்றி மடித்துத் தட்டில் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. பிரியாணி அன்று மிஞ்சியது.

சில நாட்கள் அறை திறந்திருந்தது. பிறகு மின்னிணைப்பில் கோளாறு என்றார்கள். அடுத்த தவணைக்கான பாட நேரசூசி வந்தபோது டீச்சரின் பெயருக்கு எதிரே கணினிப் பாடம் இல்லை. "அலுவலக உதவி" என்று இருந்தது. கணினி தெரிந்த ஆசிரியை அல்லவா, அலுவலகத்தில் இருந்த கணினியில் கடிதங்கள் அடிப்பதற்கு அவரை உட்கார்த்தி வைத்தார்கள். விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ், சுற்றுநிருபம், அதிபரின் மகனுடைய திருமண அழைப்புக்கான முகவரிகள் உட்பட. சின்னப் பிள்ளைகள்கூட "டைப் அடிக்கிற டீச்சர்" என்றார்கள். இந்த நாட்டின் பாடசாலைகளில் எத்தனையோ கணினி ஆசிரியர்களுக்கு நடந்தது இதுதான். அவமானப்படுத்துகிறோம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். உங்கள் திறமை எங்களுக்குத் தேவை என்பார்கள்.

நான் கொதித்தேன். டீச்சர் கொதிக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கிறது, உதவிக்கு உயர்தரப் பிள்ளைகள் சிலர் வேண்டும் என்று பணிவாகக் கேட்டார். அதிபர் மகிழ்ச்சியோடு அனுமதித்தார். அன்றிலிருந்து அலுவலகக் கடிதங்களைப் பெண் பிள்ளைகள் அடித்தார்கள். முறை வைத்து வந்தார்கள். புள்ளிகளைப் பதிந்து பதிந்து விரிதாள் படித்தார்கள். படிப்பு முடிந்திருந்த ரிஸ்னாவும் பின்னேரங்களில் "உதவிக்கு" வந்தாள். கடிதங்கள் வேகமாக வெளியேறின. ஒருநாள் அதிபர் உள்ளே எட்டிப்பார்த்துச் சொன்னார்: "இப்பதான் டீச்சர் நீங்க எங்களோட ஒத்துப்போறீங்க." "ஓம் சேர், பழகீட்டன்" என்றார் இவர். பிறகு என்னிடம் வந்து, "உவர் தன்ரை கையெழுத்தைப் போட்டு என்ரை வகுப்பை நடத்துறார், பரீனா. நெஞ்சு குளிர்ந்துபோச்சு" என்றார். பழி வாங்குவதில் இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் இருந்து நான் பார்த்ததில்லை.

விஷயம் வெளியே வந்ததும் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் அதற்குள் சில பிள்ளைகள் கற்றுக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி ரிஸ்னா. நாட்டில் டொலர் இல்லாமல் போய், பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் தெருவில் காத்துக்கிடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ரிஸ்னாவின் வாப்பாவினுடைய வேன் ஓடவில்லை. அவளுடைய நானாவின், அதாவது அண்ணனின், கடையில் சாமான் இல்லை. மடவளையில் வீட்டின் ஓர் அறையில் இருந்துகொண்டு, மின்சாரம் வரும் நேரம் பார்த்து, வெளிநாட்டு நிறுவனமொன்றுக்குக் கணக்கு எழுதிய அவளுடைய உழைப்பில்தான் குடும்பம் சாப்பிட்டது. நாட்டுக்குள் வந்த டொலரும் அதுதான். அப்போது ஓய்வுபெற்றுச் சுன்னாகம் போயிருந்த டீச்சருக்குச் சொன்னேன்.

"பாத்தியளே! உங்கட புத்தகத்திலை வாற பொருளாதார வளர்ச்சி மடவளையிலை ஒரு அறைக்குள்ளையிருந்து வருகுது. அதை அதிபருக்குச் சொல்லிவிடுங்கோ."

"நான் எப்படி டீச்சர் போய்ச் சொல்ற?"

"சொல்லுங்கோ. காணேக்கை எல்லாம் சொல்லுங்கோ. அந்தாள் மறந்துபோகக் கூடாது."

சொன்னேன். இரண்டு கல்யாண வீடுகளில், அவர் வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ், எங்கட பாடசாலை உருவாக்கின புள்ள" என்றார் அவர்.

ரிஸ்னா ஒருத்தி. ஜன்னலுக்கு வெளியே அவளோடு நின்ற மற்றவர்களை எனக்குத் தெரியும். சிலர் வளைகுடா நாடுகளில் யாருடைய வீட்டையோ துடைக்கிறார்கள். சிலர் கண்டிக் கடைகளில் துணி மடிக்கிறார்கள். அந்த வேலைகள் கேவலம் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு இன்னொரு கதவும் இருந்தது, அது உள்ளங்கையளவு இரும்பால் மூடப்பட்டிருந்தது என்று சொல்கிறேன். ஒரு நாட்டை ஏழையாக்குவதற்குக் கொள்ளைக்காரன்தான் வேண்டும் என்றில்லை. பொருளைப் பத்திரமாக வைத்திருக்கும் நல்ல மனிதர்களும் போதும். அவர்களுடைய பெயரில் எதுவும் பழுதாகவில்லை. பழுதானதெல்லாம் பிள்ளைகள்தான், அவர்கள் யாருடைய பெயரிலும் இல்லை.

டீச்சருக்காகப் பாடசாலை மண்டபத்தில் அனுதாபக் கூட்டம் நடந்தது. ஓய்வுபெற்ற அதிபர்தான் தலைமை. எங்கள் வழக்கத்தில் ஒருவர் மௌத்தானால், அவரால் யாருக்காவது மனம் நொந்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று குடும்பத்தார் ஊரிடம் கேட்பார்கள். கேட்பது குடும்பம். கொடுப்பது நொந்தவர். இங்கே கேட்பதற்கு யாரும் இருக்கவில்லை. அதிபர் தானாகவே எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சிவசோதி டீச்சர் சில நேரம் கடுமையாப் பேசியிருப்பாங்க. எண்ட மனசும் நொந்தீக்கிது. ஆனா நான் ஒண்டையும் மனசுல வெச்சிக்கல்ல. முழு மனசோட அவங்கள மன்னிச்சிட்டேன்."

மண்டபம் உருகியது. "மாஷா அல்லாஹ்" என்றது ஒரு குரல். அடுத்ததாகத்தான் கணினிக் கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் பிரேரணை வந்தது. நான் எழுந்தேன்.

"சேர், அந்தக் கூடம் இப்ப திறந்தா ஈக்கிது?"

செயலாளர் பதறினார். "டீச்சர், இது அனுதாபக் கூட்டம்."

"தெரியும். அதான் கேக்கிறேன்."

செயலாளரே பதில் சொன்னார். "புதுசா பெரிய ஸ்மார்ட் திரை ஒண்டு வந்தீக்கிது டீச்சர். பத்திரமா துணி போட்டு மூடி வெச்சீக்கிறோம். பெயர் சூட்டுற அண்டைக்குத் திறப்போம்."

இதையெல்லாம் எழுதி, சிவமலர் அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை கேட்டேன். "இருக்கிறன், வாசியுங்கோ" என்றார். முடிந்ததும், "அக்கா எங்களுக்கு உதொண்டும் சொல்லேல்லை. கண்டியிலை நல்லாய் இருந்தனான் எண்டுதான் சொல்லுவா" என்றார். பிறகு செயலாளரின் இலக்கத்தைக் கேட்டு, என்னையும் இணைப்பில் வைத்துக்கொண்டே அழைத்தார்.

"தம்பி, அக்கான்ரை பேரை வையுங்கோ. எங்களுக்குச் சம்மதம். ஆனால் அந்தக் கதவிலை பூட்டுப் போடக்கூடாது. காலமை மணி அடிக்கேக்கை திறந்தால் பிள்ளையள் வீட்டை போகுமட்டும் திறந்திருக்கோணும்."

"அது எப்படி அன்ட்டி? சாமான் களவு போனா ஆர் பதில் சொல்ற?"

"அப்ப பூட்டிக்கொண்டுதான் இருப்பியள்?"

"பத்திரத்துக்குத்தானே அன்ட்டி. கல்லுலயும் பேரு வெட்டியாச்சு."

"எண்டால் அந்தப் பூட்டைச் செய்த கொம்பனியின்ரை பேரை வெட்டுங்கோ. அதுதான் பொருத்தம். எங்கட அக்கான்ரை பேர் வேண்டாம்."

அவர் கைப்பேசியை வைத்துவிட்டார். இணைப்பில் நானும் செயலாளரும் மட்டும் மிஞ்சினோம். "என்ன டீச்சர் இது, நீங்க செஞ்ச வேல?" என்றார். ஆம் என்றேன்.

இனி அந்த அதிபருக்கு ஒரு வார்த்தை. இந்தக் கல்வெட்டில் ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கும் வரும், நானே கொண்டுவந்து தருவேன். சேர், நீங்கள் சபையில் வைத்துக் கொடுத்த மன்னிப்பை சிவசோதி டீச்சர் கேட்கவில்லை. இப்போது அதை மறுத்துச் சொல்லவும் அவரால் முடியாது. அவர் சார்பில் நான் அதைத் திருப்பித் தருகிறேன். ஒருவேளை ஒருநாள் ரிஸ்னாவின் வாசலிலும், அவளோடு படித்தவர்களின் வாசல்களிலும் நீங்கள் போய் நின்று கேட்க வேண்டியிருந்தால், அப்போது உங்களுக்கு அது தேவைப்படும்.

டீச்சரை அறிந்த உங்களுக்கும் ஒன்று. அவருடைய பொறுமையையும் அமைதியையும் புன்னகையையும் நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை, அவை அவரிடம் இருந்ததில்லை. அவரிடம் இருந்தது கோபம். அதை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஓய்வுபெற இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன.